வலிக்காமல் வந்த மாரடைப்பு: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன் மகள்:
அப்பாவுக்கு 22 ஆண்டுகளாக நீரிழிவு. பாதம் மதமதவென்று இருக்கிறது என்பார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். ஒரு மாலை காப்பிக் கடையிலிருந்து வந்தவர் வாசலில் நின்று வழக்கம்போல் இரண்டு கால்களையும் உதறினார். ஒரு செருப்புதான் விழுந்தது. "இன்னொன்று எங்கே அப்பா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். அது மின்தூக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது. வெறுங்காலில் நடந்து வந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

ஆறு நாள் கழித்து, இரவில் வியர்த்துக் கொட்டியது. குமட்டலும் இருந்தது. நெஞ்சு வலிக்கிறதா என்றேன், இல்லை என்றார். வாயுதான் என்று கோடாலித் தைலம் தேய்த்துவிட்டேன். காலையில் பலதுறை மருந்தகத்தில் இசிஜி எடுத்த தாதி, தாளைக் கிழித்த கையோடு மருத்துவரிடம் ஓடினார். மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. காலின் உணர்ச்சியைத் தின்ற நீரிழிவு, இதயத்தின் வலியைச் சொல்லும் நரம்புகளையும் கெடுத்திருந்ததாம். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

தேக்கா அக்கா:
என் கணவருக்கு அடுத்த கட்டமும் வந்தது. மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிடுகிறது. மின்னோட்டம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுழலத் தொடங்கினால் இதயத்தின் கீழறைகள் தறிகெட்டு ஓடும். அவருக்கு இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 30 விழுக்காடுதான். 40 நாளுக்கு மேல் பொறுத்துப் பார்த்தும் ஏறவில்லை. தோள்பட்டைக்குக் கீழே நெஞ்சில், துடிப்பு தறிகெட்டால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைப் பொருத்தினார்கள்.

தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது "ஐயோ" என்று மார்பைப் பிடித்தார். யாரோ உள்ளிருந்து உதைத்தது போல இருந்ததாம். கருவி வேலை செய்திருக்கிறது. முளைக்கீரைக் கட்டு ஈரத்தரையில் சிதறிக் கிடந்தது. கீரைக்காரர் தம் முக்காலியைக் கொடுத்து உட்காரவைத்தார். அதற்கு முந்தைய வாரம், சோர்வாக இருக்கிறது என்று பீட்டா பிளாக்கர் என்ற இதயத் துடிப்பு மாத்திரையைப் பாதியாக்கியிருந்தோம். எல்லோருக்கும் அவ்வளவு மருந்து தேவையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

முன்னாள் தாதி:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. தாறுமாறான துடிப்பை அடக்கத்தான் அந்த மாத்திரை. சோர்வு என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் குறைக்கட்டும். நீங்களாகப் பாதியாக்க வேண்டாம்.

என் தாயாருக்கும் ஈசூன் அப்பாவுக்கு வந்த அதே நீரிழிவு நரம்புக் கோளாறுதான். விடியலில் விளக்கேற்ற எழுந்தவர் அப்படியே சரிந்தார். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதத்தைச் சோதியுங்கள். மருந்தகத்தில், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஓர் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வலிக்காது. படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதும் நாடி எப்போதும் 100ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், திடீர்க் களைப்பு, எது வந்தாலும் தைலத்தைத் தேடாமல் சிங்கப்பூரின் 995 ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். டாக்சியில் போகாதீர்கள், வழியில் துடிப்பு நின்றால் டாக்சியில் என்ன செய்வீர்கள்? உங்கள் புளோக்கிலோ பக்கத்துப் புளோக்கிலோ கீழ்த்தளத்தில், துடிப்பு நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது என்று இன்றே போய்ப் பாருங்கள்.

ஈசூன் மகள்:
தைலத்தைப் பற்றிச் சொன்னது எனக்குத்தான் என்று தெரிகிறது அக்கா, சரிதான். எங்கள் புளோக்கில் அந்தக் கருவி செருப்பு கிடந்த இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். வார்டில் மருத்துவர், "ஏன் இரவே வரவில்லை?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலித்திருந்தால் இவளிடம் சொல்லாமல் இருப்பேனா?"