உதவி தேவை: ஒரே நாடு, ஒரே வருடம், மூன்று எண். எதை எடுப்பது?

கடைசிநேரம்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். பெண்கள் வேலைக்குப் போகும் சதவீதம் வேண்டும். ஒரே நாட்டுக்கு, ஒரே வருடத்துக்கு மூன்று இடத்தில் மூன்று எண் இருக்கிறது. ஒன்று 80ஐத் தாண்டுகிறது, ஒன்று 50ஐ ஒட்டி இருக்கிறது, இன்னொன்று அதற்கும் கீழே. இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? நாளை காலை வழிகாட்டியிடம் அட்டவணையைக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சராசரிமனிதன்:
எந்த நாடு? எந்த வருடம்? மூன்று இடம் என்றால் எந்த மூன்று இடம்?

நெல்லிக்காய்:
வயது வரம்பையும் சொல்லுங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் வைத்து ஒரு வரிசை உண்டு, 15 முதல் 64 வரை மட்டும் வைத்து இன்னொரு வரிசை உண்டு. உலக வங்கித் தளத்தில் இரண்டும் இருக்கின்றன, பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். முதியவர்கள் அதிகமுள்ள நாடு என்றால் இது ஒன்றே பெரிய இடைவெளியைக் காட்டிவிடும்.

தூண்டில்:
எக்செல்தான் வில்லன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உலக வங்கியின் சி.எஸ்.வி. கோப்பைத் திறந்தால் முதல் நான்கு வரிகள் வெறும் முகவுரை, தலைப்பு வரி ஐந்தாவதுதான். அதைக் கவனிக்காமல் ஃபார்முலா போட்டால் வருடம் ஒரு கட்டம் தள்ளிப் போகும். அப்புறம், எண் இல்லாத கட்டங்களை யாராவது 0 என்று நிரப்பியிருந்தால் சராசரி சரிந்துவிடும். இன்னொன்று, நாடுகளின் பட்டியலுக்குள்ளேயே ‘உலகம்’, ‘அதிக வருமான நாடுகள்’, ‘யூரோ பகுதி’ என்று தொகுப்பு வரிகளும் கலந்து கிடக்கும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் ஒரே நாட்டைப் பல தடவை எண்ணியதாகிவிடும்.

சராசரிமனிதன்:
எல்லாம் சரிதான், ஆனால் அவர் ஒரே நாடு என்கிறார். சராசரி எடுக்கவே இல்லை.

தூண்டில்:
பின்னால் எடுப்பார் அல்லவா. இருக்கட்டும் என்று சொன்னேன்.

மழைக்காலம்:
இதில் என்ன மர்மம்? சர்வே என்றாலே பிழை இருக்கும். ஒரு சர்வேயில் ஒரு மாதிரி வரும், அடுத்ததில் வேறு மாதிரி வரும். போதாததற்கு அரசாங்கங்கள் தங்களுக்குச் சாதகமான எண்ணைத்தான் வெளியே விடும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துப் போடுங்கள், வேலை முடிந்தது.

பழையகணக்கு:
மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பதா! இப்படி ஒரு யோசனையை இங்கே படிக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. எளிய சமவாய்ப்பு முறையில் ஆயிரம் பேரைக் கேட்டாலே மாதிரிப் பிழை, அதாவது எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழை, சுமார் 3 சதவீதப் புள்ளிதான். குடும்பங்களைக் கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் அது கொஞ்சம் கூடலாம். 30 புள்ளி இடைவெளிக்கு அது காரணம் ஆகாது. கேள்வி கேட்டவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரவு வரிசைக்கும் பக்கத்தில் விளக்கக் குறிப்பு இருக்கும். யார் திரட்டியது, எந்த வயது, எந்த வரையறை என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் ‘எண் மாறுகிறது’ என்று வருவது இந்த மாதத்தில் இது முதல் தடவை அல்ல. இது முதலாண்டுப் பாடம்.

நெல்லிக்காய்:
பாடம் எடுத்தது போதும் சார், அவர் நாட்டின் பெயரையே இன்னும் சொல்லவில்லை.

கடைசிநேரம்:
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். நாடு ருவாண்டா, வருடம் 2018. 80க்கு மேலே இருக்கும் எண், சீனியர் கொடுத்த பழைய எக்செல் கோப்பில் உள்ளது. அதில் ‘உலக வங்கி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. 50 ஒட்டி இருப்பதும் உலக வங்கி என்றுதான் குறித்து வைத்திருக்கிறேன். குறைவான எண், அந்த நாட்டின் தொழிலாளர் சர்வே அறிக்கையில் இருந்து எடுத்தது. வயது பார்க்கவில்லை.

நெல்லிக்காய்:
ருவாண்டாவா! இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் எக்செல்லைத் திட்டியிருக்க வேண்டாம்.

அங்கே பிரச்சினை வரையறைதான். ‘வேலை’ என்றால் என்ன என்பதைத் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு முடிவு செய்கிறது. 1982இல் நடந்த 13ஆவது மாநாட்டின் வரையறைப்படி, வீட்டுச் சாப்பாட்டுக்காகச் சொந்த நிலத்தில் பயிர் செய்பவரும் வேலையில் இருப்பவர்தான். 2013இல் நடந்த 19ஆவது மாநாடு அதை மாற்றிவிட்டது. கூலிக்கோ லாபத்துக்கோ செய்தால்தான் அது ‘வேலைவாய்ப்பு’. சொந்த உபயோகத்துக்கான உற்பத்தி தனி வகை. அதுவும் உழைப்புதான், ஆனால் வேலைவாய்ப்புக் கணக்கில் சேராது.

இப்போது ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் மாலை வரை தன் வயலில் மரவள்ளியும் அவரையும் போடுகிறார், விளைவது பெரும்பாலும் வீட்டுக்கு. பழைய வரையறையில் அவர் தொழிலாளர் படையில், அதாவது வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் கணக்கில், இருக்கிறார். புதிய வரையறையில், வேறு வேலையும் இல்லை, வேலை தேடவும் இல்லை என்றால், அவர் வெளியே. அவர் செய்யும் வேலையில் ஒரு மண்வெட்டி வீச்சுகூடக் குறையவில்லை. ருவாண்டா சர்வே புதிய வரையறையில் நடக்கிறது, வீட்டுக்காக விளைவிப்பவர்களைத் தனியாகவும் காட்டுகிறது. அந்த அறிக்கையிலேயே தேடுங்கள், கிடைக்கும். உங்கள் இடைவெளியில் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது.

சராசரிமனிதன்:
நடுவில் இருக்கும் 50க்கு என் சந்தேகம்: அது பங்கேற்பு விகிதமே இல்லை. உலக வங்கியில் ‘மொத்தத் தொழிலாளர் படையில் பெண்களின் பங்கு’ என்று தனி வரிசை இருக்கிறது. பங்கேற்பு விகிதம் என்றால் 100 பெண்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள் என்பது. பங்கு என்றால் வேலையில் இருக்கும், தேடும் 100 பேரில் எத்தனை பேர் பெண்கள் என்பது. வகுக்கும் எண்ணே வேறு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக வேலைக்குப் போகும் நாட்டில் பங்கு 50 பக்கத்தில்தான் நிற்கும், பங்கேற்பு 80 என்றாலும் சரி, 40 என்றாலும் சரி.

சீனியர் கோப்பு எந்த வருடம் இறக்கியது என்று கேளுங்கள். அந்த 80 பெரும்பாலும் மாடல் மதிப்பீடாக இருக்கும், அதாவது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சர்வேக்களை வைத்துக் கணக்கிட்டு, உலக வங்கி தன் தளத்தில் எடுத்துப் போடும் எண். அந்த மதிப்பீடுகளை அமைப்பு புதுப்பிக்கும்போது கடைசி வருடத்தை மட்டும் சேர்ப்பதில்லை, பழைய வருடங்களையும் திருத்துகிறது. அதனால் அன்றைய கோப்பின் 2018உம் இன்றைய தளத்தின் 2018உம் ஒத்துப்போக வேண்டியதில்லை. உலக வங்கி பழைய பதிப்புகளையும் சேமித்து வைத்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். இனிமேல் எதை இறக்கினாலும் கோப்பின் பெயரிலேயே தேதி போட்டு வையுங்கள்.

மழைக்காலம்:
ஆக, 80 என்பது யாரோ மாடல் போட்டு ஊகித்த எண். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சர்வே எண்ணை எடுங்கள். ஊகம் எல்லாம் தரவு ஆகாது.

பழையகணக்கு:
மறுபடியுமா? சர்வேயும் சில ஆயிரம் குடும்பங்களைக் கேட்டு ஒரு நாட்டைப் பற்றிச் சொல்வதுதான். அதுவும் மதிப்பீடே. மாடல் வரிசையின் நோக்கம், வெவ்வேறு வரையறையில் நடந்த சர்வேக்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து நாடுகளை ஒப்பிட வைப்பது. தேசிய எண்களை அப்படியே எடுத்து 100 நாடுகளை வரிசைப்படுத்தினால், நீங்கள் வரையறைகளைத்தான் வரிசைப்படுத்துகிறீர்கள்.

மழைக்காலம்:
சர்வே நடக்காத வருடத்துக்கும் எண் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா?

பழையகணக்கு:
பக்கத்து வருடங்கள், ஒத்த நாடுகள், பொருளாதார மாறிகள். செய்முறைக் குறிப்பில் இருக்கிறது. படித்தால் தெரியும்.

மழைக்காலம்:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். உங்களுக்கு மட்டும்தான் படிக்கத் தெரியுமா?

சராசரிமனிதன்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மழைக்காலம் எரிச்சலில் கேட்டாலும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கடைசிநேரம், இந்த எண்ணை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

கடைசிநேரம்:
ரெக்ரஷன், அதாவது ஒன்று மாறினால் இன்னொன்று எப்படி மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு. தலா வருமானம் கூடினால் பெண்கள் பங்கேற்பு முதலில் குறைந்து பிறகு ஏறும் என்பார்கள் இல்லையா, அந்த யூ வளைவு. 1990 முதல் ஆப்பிரிக்க நாடுகள் எல்லாவற்றுக்கும்.

சராசரிமனிதன்:
பயந்தது நடந்துவிட்டது. மாடல் மதிப்பீட்டில் விடுபட்ட வருடங்களை நிரப்பப் பயன்படுத்தும் மாறிகளில் தலா வருமானமும் ஒன்று. அப்படி நிரப்பிய எண்ணை எடுத்து, அதே தலா வருமானத்தோடு உறவு தேடினால், அவர்கள் உள்ளே வைத்ததை நீங்கள் வெளியே எடுத்து ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதுவீர்கள். வளைவு அழகாகவே வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உலக வங்கியில் ‘தேசிய மதிப்பீடு’ என்று இன்னொரு வரிசை இருக்கிறது. அதையும் மாடல் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாடல் வரிசை 1990 முதல் ஓட்டையே இல்லாமல் ஓடும், தேசிய வரிசையில் பல கட்டங்கள் காலியாக இருக்கும். காலிக் கட்டம் உள்ள வருடங்களில் மாடல் எண்ணுக்குப் பின்னால் நேரடி சர்வே இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் ரெக்ரஷனுக்கு சர்வே நடந்த வருடங்களை மட்டும் எடுங்கள், எந்த மாநாட்டு வரையறை என்பதற்கு அட்டவணையில் ஒரு தனி நெடுவரிசை சேருங்கள். வரிகள் குறையும், பரவாயில்லை.

நெல்லிக்காய்:
பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சொந்தத் தளத்தில் 13ஆவது, 19ஆவது மாநாட்டு வரிசைகள் தனித்தனியாகவே இருக்கின்றன. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடாதீர்கள். வரையறை மாறிய வருடத்தில் கோடு சட்டென்று விழும், அதைப் பார்த்து யாராவது ‘பொருளாதார நெருக்கடி’ என்று எழுதிவிடுவார்கள்.

தூண்டில்:
ரெக்ரஷனுக்கு முன்னால் தொகுப்பு வரிகளை நீக்க மறக்காதீர்கள். அப்போதே சொன்னேன்.

பழையகணக்கு:
மாடல் வரிசை நாடுகளை ஒப்பிடுவதற்கு என்றுதான் சொன்னேன், ரெக்ரஷனுக்கு என்று சொல்லவில்லை. பதிவில் தெளிவாக இருக்கட்டும்.

மழைக்காலம்:
இருக்கட்டும், இருக்கட்டும்.

கடைசிநேரம்:
பார்த்துவிட்டேன். 50 பங்குதான், சராசரிமனிதன் சொன்னது சரி. 2018க்கு சர்வே எண், அடிக்குறிப்பில் வரையறை. ரெக்ரஷன் பற்றி வழிகாட்டியிடம் கேட்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

சராசரிமனிதன்:
அடிக்குறிப்பில் வயது வரம்பையும் சேர்த்துவிடுங்கள். அதை இன்னும் நீங்கள் சொல்லவே இல்லை.