ஐந்து பேர் குழு, ஒருத்தி வேலை

சித்தி: நேற்று இரவு 2 மணி வரை என் மகள் ஒருத்தியே உட்கார்ந்து குரூப் ப்ராஜெக்டை முடித்தாள். குழுவில் ஐந்து பேர். அறிக்கை, ஸ்லைடு, படம் எல்லாம் இவள் கைவேலை, மார்க் மட்டும் ஐந்து பேருக்கும் ஒன்றே. அண்ணா, நீங்கள் வாத்தியார்தானே, இது என்ன நியாயம்?

தங்கச்சி: அம்மா, இதை ஏன் ஃபேமிலி குரூப்பில் போட்டாய் 🤦‍♀️

அண்ணன்: சித்தி, திட்டக் கூடாது. போன செமஸ்டரில் எங்கள் குழுவில் ஓபி அடித்தது நான்தான். ஸ்லைடில் எழுத்துரு மாற்றியதோடு சரி 😬

மாமா (சித்தியின் அண்ணா, வாத்தியார்): ஆள் கூடினால் இழுவை குறையும், இது பழைய கதை. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913இல் வெளியிட்டார், எட்டுப் பேர் சேர்ந்தபோது தலைக்குப் பாதி பலம்தான் வந்தது.

அக்கா: தேர் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பது போல 😂

மாமா: அதேதான். 1979இல் லடானே என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் மாணவர்களைக் கத்தச் சொன்னார்கள். கண்ணைக் கட்டி, ஹெட்போன் மாட்டி, கூட ஐந்து பேர் கத்துவதாக நம்பவைத்ததுமே சத்தம் தனியாகக் கத்தியதில் 74 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கூடக் கத்த ஆளே இல்லை! தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் இந்தக் குறைவு வருவதில்லை என்று 1981இல் காட்டினார்கள்.

சித்தி: சரி அண்ணா, கத்தியது போதும், வழி சொல்லுங்கள்.

மாமா: நான் நான்கு பேருக்கு மேல் சேர்க்க மாட்டேன். யாருக்கு எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்று முதல் வாரமே எழுதி வாங்கிவிடுவேன். அறிக்கை கூகுள் டாக்ஸில், யார் எப்போது எழுதினார் என்பது அதிலேயே பதிவாகும். முடிவில் தனித்தனி வைவா, அடுத்தவர் பகுதியிலும் கேள்வி வரும். ஒருவருக்கொருவர் ரகசியமாக மார்க் போடவும் சொல்வேன், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, கூட்டுச் சேர்ந்து எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். பாப்பா, உன்னை ஒன்று கேட்கிறேன், அவர்கள் எதுவுமே அனுப்பவில்லையா?

தங்கச்சி: ஒருத்தி இரண்டு பக்கம் அனுப்பினாள் மாமா. சுமாராக இருந்தது, நானே முழுசாக மாற்றி எழுதிவிட்டேன்.

மாமா: அவளிடம் சொன்னாயா?

தங்கச்சி: இல்லை...

அண்ணன்: நான் அனுப்பிய மூன்று பக்கத்துக்கும் இதே கதிதான். அப்புறம்தான் எழுத்துருவுக்கு மாறினேன்.

தங்கச்சி: அடுத்த ப்ராஜெக்டும் இதே ஐந்து பேர்தான். அவளுக்கு இப்போதே மெசேஜ் போடுகிறேன்.

சித்தி: முதலில் போய்த் தூங்கு.