மால்டாவுக்கு 6 இடம்: உரிமையா, சலுகையா?

நெய்தல்: "ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மால்டாவுக்கு 6 இடம் என்பது பெரிய நாடுகள் போட்ட பிச்சை" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து ஆறவே இல்லை. மொத்தம் 720 பேர் உட்காரும் அவையில் வெறும் 6 பேர். அதுவுமா கண்ணை உறுத்துகிறது?

கணக்கன்: எழுதியது நான்தான். பிச்சை என்று சொல்லவில்லை, சலுகை என்றேன். ஜெர்மனியில் சுமார் 8.4 கோடி பேர், 96 இடம். மால்டாவில் ஐந்தரை லட்சம் பேர், 6 இடம். மக்கள் 150 மடங்கு, இடம் 16 மடங்குதான். ஒரு மால்டாக்காரரின் ஓட்டு ஜெர்மானியரின் ஓட்டைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இதை மறுக்க முடியுமா?

நெய்தல்: ஒரு நாட்டுக்குக் குறைந்தது 6, அதிகபட்சம் 96 என்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் போட்ட லிஸ்பன் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியும் கையெழுத்துப் போட்டதுதானே? மக்கள்தொகைப்படி மட்டும் பிரித்தால் மால்டாவுக்கு ஒரே ஒருவர்கூட உறுதியில்லை.

கணக்கன்: ஒப்பந்தத்தில் இருந்தால் பத்து மடங்கு ஒரு மடங்காகிவிடுமா? ஓட்டுச் சமத்துவம் இந்த அவையில் இல்லை என்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றமே 2009இல் சொல்லியிருக்கிறது.

செங்கோடன்: லக்சம்பர்க்கும் 1979 முதல் இதே 6 இடம்தான் வைத்திருக்கிறது. அவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை? ஒன்றியத்தை நிறுவிய நாடு என்ற மரியாதையா?

கணக்கன்: வந்துவிட்டார் லக்சம்பர்க் வழக்கறிஞர். போன தடவை அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயமில்லை என்று மூன்று நாள் என்னோடு மல்லுக்கட்டியவர் இவர். கட்டாயம்தான். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

செங்கோடன்: அது வேறு பேச்சு. சண்டை போடத்தான் வருகிறீர்களா?

மீனாள்: ஓட்டின் எடையை விடுங்கள், ஓட்டுப் போடும் விதத்தைப் பாருங்கள். மால்டா முழுவதும் ஒரே தொகுதி. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். 16 வயதிலேயே ஓட்டுரிமை. 2024இல் ரோபெர்டா மெட்சோலாவுக்கு முதல் விருப்ப ஓட்டு மட்டும் 87 ஆயிரத்துக்கு மேல். ஜெயிக்கத் தேவையான கோட்டாவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தலா மூன்று இடம். அந்த மெட்சோலாதான் 2022 முதல் அந்த அவைக்கே தலைவர். சின்ன நாட்டுக்காரர் என்றால் இளக்காரமா?

கணக்கன்: 87 ஆயிரம் ஓட்டுக்கு ஜெர்மனியில் ஒரு இடம்கூடத் தேறுமா என்பதே சந்தேகம். நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

மீனாள்: நான் அதைச் சொல்லவே இல்லை! கோட்டாவுக்கு மேல் மெட்சோலாவுக்கு மிஞ்சிய ஓட்டுகள் அடுத்த விருப்பப்படி அவர் கட்சிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வரிசை ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

கணக்கன்: எண்ணுவதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். பத்து மடங்கு. ஆமாவா, இல்லையா?

நெய்தல்: ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அமைச்சர்கள் மன்றத்தில் பெரும்பாலான சட்டங்கள் தேற மக்கள்தொகையில் 65 சதவீதம் வேண்டும். அங்கே ஜெர்மனியின் கை ஓங்கியிருக்கிறதே, அதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

கணக்கன்: அதே மன்றத்தில் 55 சதவீத நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அங்கே மால்டாவும் ஒன்று, ஜெர்மனியும் ஒன்று. அதை மறைத்தது நீங்கள். பாதியை மட்டும் எழுதுவது உங்கள் பழைய பழக்கம்.

நெய்தல்: பழக்கத்தைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். அப்புறம், பிச்சை என்று எழுதிய பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

கணக்கன்: சலுகை என்றுதான் எழுதினேன். பத்து மடங்குக்கு இன்னும் பதில் வரவில்லை.