சபைக்குச் செல்லாமல் கிறிஸ்துவைப் பின்பற்ற முடியுமா?

எல்லீஸ் நகர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையின் பழைய புராட்டஸ்டண்ட் சபைகளில் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்து, அங்கேயே திடப்படுத்தலும் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டுச் சபையில் முழு உறுப்பினராகும் சடங்கு) திருமணமும் நடந்தவள் நான். சில காலமாக ஞாயிறு ஆராதனைக்குச் செல்வதில்லை. விசுவாசம் போய்விட்டது என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள், அது உண்மையன்று. கமிட்டித் தேர்தல் வந்தால் ஊரும் சாதியும் பார்த்து அணி பிரிவதையும், அந்தச் சண்டை நீதிமன்றப் படியேறுவதையும், அதற்கு அடுத்த ஞாயிறே எதுவும் நடவாததுபோல் எல்லோரும் திருவிருந்துக்கு முழங்காலிடுவதையும் பார்த்துப் பார்த்து, அந்த இடத்தில் என்னால் ஜெபிக்க இயலாமற்போயிற்று.

இப்போது விடியற்காலையில் சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசிக்கிறேன். சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்து, ஜெபித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். சபையில் இருந்த காலத்தைவிட இயேசுவின் சொற்கள் இப்போதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கின்றன. ஆனால் அம்மா, “சந்தா கட்டாதவளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கமாட்டார்கள்” என்கிறார். மகள் திடப்படுத்தல் வகுப்பில் சேரவேண்டிய வயதில் இருக்கிறாள். நான் செய்வதைக் கிறிஸ்தவ விசுவாசம் என்று சொல்லலாமா, அல்லது இது வெறும் மனவருத்தத்துக்கு நான் சூட்டிக்கொண்ட பெயரா? இந்த நிலையில் இருப்பவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

பசுமலைவாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்வியை நம் பக்கத்தில் கேட்ட முதல் ஆள் நீங்கள் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் வட்டாரத்தில் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு முரண்பட்டு, 1857-இல் தம் கூட்டத்தாரோடு தனியே பிரிந்தார்; வெள்ளைக்காரத் தலைமையும் அவர்களுடைய பழக்கவழக்கங்களும் இல்லாமலே கிறிஸ்துவை வழிபடலாம் என்று காட்ட முயன்றார். அவருடைய கூட்டத்தார் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரித்தார்கள். அவருடைய துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் ஒரு சபையிலிருந்து வெளியேறி இன்னொரு சபையைத்தான் கட்டினார். அதற்கும் விதிகள் வந்தன, தலைமை வந்தது. வெளியேறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நேர்வது இதுதான். இன்று மதுரையில் வாடகை மண்டபங்களில் நடக்கும் எத்தனையோ ஜெப வீடுகள் இன்னொரு சபையோடு மனம் கசந்து பிறந்தவையே.

இதைவிட ஆழமாகச் சிந்தித்தவர்கள் சென்னையைச் சேர்ந்த ஒரு சிறு வட்டத்தார். வழக்கறிஞர் வி. சக்கரை, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சய்யா ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடி, சபையே கிறிஸ்தவத்தின் நடுவிடம் என்று வலியுறுத்திய காலத்தில், இவர்கள் அதை மறுத்தார்கள். கிறிஸ்துவின் மூலம் மனிதருக்குள் ஒரு புதிய வாழ்வு தொடங்குகிறது, அந்த வாழ்வே பொருட்டு, சபை என்ற அமைப்பு அதற்கு இன்றியமையாதது அன்று என்பது செஞ்சய்யாவின் வாதம். நீங்கள் விடியற்காலையில் தேடுவது இதைத்தான் என்று தோன்றுகிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, ஆம், அது கிறிஸ்தவ விசுவாசமே என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இன்னும் அருகில் இருக்கிறது. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-இல் அமெரிக்க மதுரை மிஷனுக்கு ஊழியராக வந்தவர். காந்தியோடு கொண்ட தொடர்பினால் மிஷனுக்கும் அரசுக்கும் ஆகாதவராகி, நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்த பிறகு, திண்டுக்கல் சாலையில் 1947-இல் தொடங்கப்பட்ட காந்திகிராமத்தோடும் சர்வோதயப் பணிகளோடும் சேர்ந்துகொண்டார். இந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே வாழ்ந்து இங்கேயே முதுமையடைந்தார். கிறிஸ்துவை அவர் விடவில்லை. தமக்கென்று ஒரு கூட்டத்தையும் சேர்க்கவில்லை. சபைக்கு வெளியே போனவருடைய விசுவாசம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று கேட்டால், அவர் போன திசையைத்தான் காட்டுவேன். அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்ன இயேசுவே, பசித்தவனையும் சிறையில் இருப்பவனையும் பார்க்கப்போகச் சொன்னார். உங்கள் விடியற்காலை வாசிப்பு பகலில் உங்களை யாரிடம் அனுப்புகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் மனவருத்தமும் விசுவாசமும் வெவ்வேறாகப் பிரியும் என்பது என் கருத்து.

சபை மூப்பர் ஒருவர் எழுதியது:

பசுமலை ஐயா சொன்ன வரலாற்றை மறுக்க எனக்குப் படிப்பு போதாது. ஆனால் முடிவில் உடன்பாடில்லை. சபை கூடிவருதலை விட்டுவிடவேண்டாம் என்று எபிரெயர் நிருபம் 10-ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பது, எல்லாம் ஒழுங்காக நடந்த சபைக்காக அன்று. அப்போஸ்தலன் பவுல் நிருபம் எழுதிய கொரிந்து சபையில் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள், கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான். பவுல் அவர்களைக் கடுமையாகத் திட்டினார். அவரவர் வீட்டிலிருந்தே ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

சாதியைப் பற்றி நீங்கள் எழுதியது முழு உண்மை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பினார்கள் என்பதை நினைத்தால் தலைகுனிவாக இருக்கிறது. ஆனால் வெளியே போகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சுவரை எதிர்த்துப் போகிறார்கள்? வசதியும் படிப்பும் உள்ளவர்கள் அமைதியை நாடி வீட்டுக்குப் போய்விட்டால், போவதற்கு வேறு இடமில்லாத ஏழைச் சபையார் அதே கமிட்டியின் கையில் விடப்படுகிறார்கள். சகோதரியை நான் கண்டிக்கவில்லை. ஒரு சபை பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போகலாம், பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்துபோகலாம். தாமே தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு ஒரே அப்பத்தைப் பிட்கிற பயிற்சியை வீட்டில் எப்படிப் பெறுவது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் எழுதியது:

மூப்பர் ஐயா, வேறு சபைக்குப் போகலாம் என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். எந்தச் சபைக்கும் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். நான் பிறந்தது இந்துக் குடும்பத்தில். விடுதியில் படித்தபோது புதிய ஏற்பாடு கைக்கு வந்தது. அன்றிலிருந்து இயேசுவைத் தவிர வேறு யாரிடமும் நான் வேண்டிக்கொண்டதில்லை. ஞானஸ்நானம் பெறவில்லை. நெற்றியில் பொட்டு இருக்கிறது, ரேஷன் அட்டையில் பழைய பெயர் இருக்கிறது. கணவருக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன், ஆனால் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இதைக் கோழைத்தனம் என்று பிரசங்கிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்களைப் போன்ற பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராக மாறியவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. சீக்கியர்களையும் பௌத்தர்களையும் பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் கிடைக்கும் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. தண்ணீரில் முழுகி எழுந்தால் பிள்ளைகளின் சான்றிதழ் மாறும் என்ற நிலையில், முழுகாமல் நிற்பவளின் விசுவாசத்தை அளக்க யாருக்கு உரிமை இருக்கிறது? இராத்திரியில் இயேசுவிடம் வந்த யூதத் தலைவர் நிக்கொதேமுவை அவர் திருப்பி அனுப்பவில்லை. சீஷர்கள் ஓடிப்போன பிறகு வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஆகிய நறுமணப் பொருள்களை எடுத்துக்கொண்டு அடக்கத்துக்கு வந்தவரும் அந்த நிக்கொதேமுதான்.

இருந்தாலும் மூப்பர் சொன்னதில் ஒன்று எனக்கு வலித்தது. தனியாக இருப்பது கடினம். எந்தப் பாட்டையும் வாய்விட்டுப் பாட முடியாது. சித்திரைத் திருவிழா நாட்களில் உறவினர் எல்லோரும் கூடி நீர்மோர் ஊற்றும்போது நானும் ஊற்றுகிறேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதில் இயேசு வருத்தப்படமாட்டார் என்று தெரியும், ஆனால் அதை யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாது. எல்லீஸ் நகர் அக்கா, உங்களுக்குச் சபை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு ஆளையாவது தேடிக்கொள்ளுங்கள்.

தத்தனேரிக்காரர் எழுதியது:

நடைமுறை பற்றி மட்டும் சொல்கிறேன். சபைக் கல்லறைத் தோட்டம் அந்தந்தச் சபையின் விதிப்படி நடப்பது. அம்மா சொன்னது பல சபைகளில் உண்மைதான். பெயரை வெட்டாமல் சந்தாவை மட்டும் கட்டிக்கொண்டு வருவோர் ஏராளம்; அதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, பெற்றோரின் மனநிம்மதிக்காகக் கொடுக்கும் காசு அது. நாளை மகளின் திருமணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது திருமண அறிவிப்பைச் சபையில் படிக்க, மறுத்தாலும் வாழ்க்கை நின்றுவிடாது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவாளர் முன்னிலையில் திருமணம் செய்துகொள்ளலாம். அதில் மதம் ஒரு பொருட்டன்று. இந்தப் பயங்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டால், விசுவாசத்தைப் பற்றிய கேள்வி தெளிவாகத் தெரியும்.

எல்லீஸ் நகர் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சந்தாவைத் தொடர்ந்து கட்டுவதென்று முடிவுசெய்துவிட்டேன்; அம்மாவுக்கு அது போதும். திடப்படுத்தலைப் பற்றி மகளிடமே கேட்டேன். வகுப்புக்குப் போவேன், ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் மனம் ஒப்பவில்லையென்றால் நிறுத்திவிடுவேன் என்றாள். இதை அவளுடைய போதகர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு அது நேர்மையான பதிலாகப் பட்டது.

பசுமலை ஐயா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. மூப்பர் ஐயாவின் கொரிந்து வாதத்துக்கு ஒன்று சொல்வேன்: கொரிந்தியருக்குத் திட்டுவதற்கு ஒரு பவுல் இருந்தார். எங்கள் சபையில் திட்டவேண்டியவர்களே ஆளுக்கொரு அணியில் இருக்கிறார்கள்.

உசிலம்பட்டித் தங்கைக்கு ஒரு கேள்வி. தனியாக இத்தனை காலம் எதை, எப்படி வாசித்து வருகிறீர்கள்? என் வாசிப்பு மனம்போன போக்கில் இருக்கிறது. பிடித்த பகுதிகளையே திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் எழுதியது:

அக்கா, மாற்கு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாக வாசியுங்கள். 16 அதிகாரங்கள்தான், ஒரே மூச்சில் வாசித்தால் இயேசு எவ்வளவு அவசரமாக ஊர் ஊராகப் போகிறார் என்பது தெரியும். சங்கீதங்களுக்கு நான் பின்பற்றுவது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப்புத்தகத்தின் பழைய ஒழுங்கு. 150 சங்கீதங்களையும் 30 நாட்களுக்கு, காலை ஒரு பங்கு மாலை ஒரு பங்கு என்று பிரித்திருக்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிரதி அது. இன்றைய நாளுக்கு உரிய பங்கு நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் வாசித்தாக வேண்டும். சபிக்கிற சங்கீதங்களும் அதில் வரும். பிடித்ததையே எடுக்கும் பழக்கம் அதனால் எனக்கு நின்றது. மாலைப் பங்கை நான் இரவு 9 மணிக்கு, பாத்திரம் கழுவிய பிறகு வாசிக்கிறேன். நீங்களும் அந்நேரத்தில் அதே பங்கை எடுத்தால், வாசித்து முடித்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.