இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வொண்டர்லா: காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரே நாளில் போய் வர முடியுமா?

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டினம்):

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மாந்தோப்புதான் பிழைப்பு. மே மாதம் காய் பறிக்க ஆரம்பித்தால், கடைசி பெங்களூரா ரக மாங்காய் லோடு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்ச் சேரும்வரை வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவதே அரிது. அதனால் கோடை லீவில் எங்கள் பிள்ளைகள் எங்கும் போனதில்லை. பெரியவள் இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. அவளோடு படிக்கிற பெண் பெங்களூரு வொண்டர்லா பார்க்குக்குப் போய் ரைடு, தண்ணீர் விளையாட்டெல்லாம் ஆடி வந்து சொன்ன கதையை, தினம் சோறு ஊட்டும்போது எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். காய் முடிந்ததும் கூட்டிப் போகிறேன் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகஸ்டில் போகலாம் என்று நினைக்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். நானும் அவரும், ஆறு வயது மகள், இரண்டரை வயது மகன், மாமியார். மாமியாருக்கு 64 வயது. முட்டி வலி. நாலு படி ஏறினாலே இரவு தைலம் தேய்க்க வேண்டும். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை. இந்தப் பிள்ளைகளை எனக்குச் சமமாக வளர்ப்பவர் அவர்தான்.

பழைய ஆல்டோ ஒன்று இருக்கிறது. காலையில் கிளம்பி இரவே திரும்பிவிட முடியுமா? மூன்று வயதுக்குக் கீழே இருப்பதால் சின்னவனுக்கு டிக்கெட் வேண்டாம்தானே? அவனுக்கு அங்கே விளையாட ஏதாவது இருக்குமா? மாமியார் சேலைதான் கட்டுவார், அவர் என்ன செய்வார்? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஓசூர் வண்டிக்காரர்:

போய் வரலாம் தங்கச்சி. வொண்டர்லா பிடதி பக்கம் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வரும். பிள்ளைகளுக்காக நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரம் ஆகும். பன்னிரண்டு வருடமாக இந்த ரூட்டில் டாக்சி ஓட்டுகிறேன், அதனால் ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். ஓசூரும் அத்திப்பள்ளியும் தாண்டியதும் சந்தாபுரா, பொம்மசந்திராவில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். எட்டு மணிக்கு அங்கே மாட்டினால் ஒரு மணி நேரம் போச்சு. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், ஊருக்குள் போகாமல் சுற்றிப் போகிற நைஸ் ரோட்டில் ஏறி மைசூரு ரோட்டில் இறங்குங்கள். மேப் சில நேரம் நெரிசலான சில்க் போர்டு சிக்னல் வழியாகக் காட்டும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி டோல் போக நைஸ் ரோட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

மைசூரு ரோட்டில் ஒரு விஷயம் கவனம். எக்ஸ்பிரஸ்வேயில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பார்க்குக்குப் போகிறவர்கள் சர்வீஸ் ரோட்டிலேயே போவது நல்லது. 2023 ஆகஸ்டிலிருந்து பைக், ஆட்டோ, டிராக்டருக்கு எக்ஸ்பிரஸ்வேயில் அனுமதி இல்லை. அவை எல்லாம் சர்வீஸ் ரோட்டில்தான் வரும், அதனால் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள்.

இரவு திரும்பும்போது சூளகிரி தாண்டி மேலுமலை வரும் இல்லையா, அங்கே லாரிகள் கூட்டமாக இறங்கும். நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிவிட்டு ஸ்டீயரிங் பிடித்தால் கண் சொக்கும். ஓசூரில் அரை மணி நேரம் நிறுத்தி, அண்ணனை டீ குடித்து முகம் கழுவச் சொல்லுங்கள். இதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்.

---

பாலக்கோடு சுமதி:

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் இரண்டு வருடம் முன்னால் இருந்த என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எனக்கும் இரண்டு பிள்ளைகள். நான் பட்டதை எல்லாம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் டிக்கெட். அங்கே வயதைப் பார்க்க மாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். உன் சின்னவன் இரண்டரை வயது என்றால் 85-ஐத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். அவனுக்கும் ஒரு டிக்கெட் கணக்கில் வைத்துக்கொள்.

இந்த உயரம் டிக்கெட்டோடு முடிவதில்லை, நான் எழுத வந்ததே அதற்காகத்தான். ஒரு பார்க்குக்கு முதல் தடவை போனபோது என் மகனுக்கு ஐந்து வயது. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே போனில் ஒரு ரைடு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். நாங்களும் "உன்னை அதில் ஏற்றுகிறோம்டா" என்று சொல்லிச் சொல்லியே சாப்பிட வைத்தோம், தூங்க வைத்தோம். அங்கே போய் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். வாசலில் உயரம் பார்க்கும் ஒரு கம்பம். என் பையன் நிமிர்ந்து நின்றான், இரண்டு விரல்கடை குறைந்தது. குதிகாலைத் தூக்கி எக்கினான். அங்கே வேலைக்கு நின்ற ஊழியர் குனிந்து அவன் பாதத்தை மெதுவாகத் தரையில் அழுத்தி வைத்துவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார். என் மகன் கத்தவில்லை, புரளவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என் சுடிதாருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அன்று மதியம் அவன் எதையும் சாப்பிடவில்லை.

அந்த ஊழியர் மேல் தப்பே இல்லை. தோளையும் தொடையையும் பிடிக்கிற அந்தக் கம்பி ஓரளவு வளர்ந்த உடம்புக்காகச் செய்தது. சின்ன உடம்பு அதற்குள் நழுவிவிடும். தப்பு எங்கள் மேல்தான். ஏற முடியாத ஒன்றைக் காட்டி ஒரு மாதம் ஆசை வளர்த்தோம்.

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய். மகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வை. தலை மேல் ஒரு நோட்டைக் கிடைமட்டமாக வைத்துக் கோடு போட்டு டேப்பால் அள. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 110, 115 சென்டிமீட்டர் இருப்பாள். பெரிய ரைடுகளில் பலவற்றுக்கும் 140 வேண்டும். எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் என்று பார்க்கின் வெப்சைட்டிலேயே பார்த்து, அவள் ஏறக்கூடியதை மட்டும் எழுதி வை. வீடியோ காட்டுவதானால் அதை மட்டும் காட்டு. அவள் வகுப்புத் தோழி சொன்ன கதையில் ஏற முடியாதது ஏதாவது இருந்தால், "நீ இன்னும் இவ்வளவு வளர்ந்ததும் அது" என்று சுவரில் மேலே ஒரு கோடு போட்டு இப்போதே காட்டிவிடு. வீட்டில் வைத்துச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். வரிசையில் நிற்க வைத்துவிட்டுச் சொன்னால்தான் உடைந்து போகிறார்கள்.

அப்புறம் துணி. தண்ணீருக்குள் நைலான், லைக்ரா மாதிரித் துணிதான் விடுவார்கள். காட்டன் கூடாது, அதன் நூல் பிரிந்து தண்ணீர் சுத்தம் செய்யும் ஃபில்டரில் போய் அடைக்கும். சேலை, துப்பட்டா ரைடில் மாட்டினால் ஆபத்து. உன் மாமியார் நனைய வேண்டாம், கரையில் நிழலாக உட்காரட்டும். உங்களுக்கான நீச்சல் துணியை அங்கேயே விற்கிறார்கள், ஆனால் முன்கூட்டியே தர்மபுரியிலோ ஓசூரிலோ வாங்கினால் பிள்ளைகளுக்கு அளவு பார்த்து வாங்கலாம்.

சின்னவனுக்கு டயப்பர் போடுகிறாயா? சாதாரண டயப்பரோடு தண்ணீரில் இறக்காதே. என் தங்கை மகனுக்கு அப்படி இறக்கினோம். ஐந்து நிமிடத்தில் அது தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தலையணை மாதிரி ஊதி, முழங்காலுக்குத் தொங்கிவிட்டது. தூக்கினால் பக்கவாட்டில் கிழிந்து ஜெல் வழிகிறது. பிள்ளையால் நடக்கவே முடியவில்லை. நீச்சலுக்கென்று தனி டயப்பர் இருக்கிறது, அது ஊதாது. ஆனால் சிறுநீரை அது தாங்காது, அதனால் காரில் போகும்போது அதைப் போட்டுவிடாதே, குளத்துக்குப் போகும்போது மாற்று.

நேரம் இப்படி வைத்துக்கொள். பார்க் திறப்பதே காலை பதினொன்றை ஒட்டித்தான். உள்ளே போனதும் கூட்டம் பெரிய ரைடுகளுக்கு ஓடும், நீங்கள் சின்னப் பிள்ளைகள் ரைடுகளுக்குப் போங்கள். அந்த முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். சின்னவன் வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்குவானோ அந்த நேரத்துக்கு அங்கேயும் தூங்கட்டும். மாமியார் மடியில் அவனைப் போட்டுவிட்டு நீயும் உன் வீட்டுக்காரரும் பெரியவளோடு போகலாம். அவன் எழுந்ததும் எல்லாருமாகத் தண்ணீருக்குப் போங்கள். தூக்கத்தைக் கெடுத்து இழுத்துக்கொண்டு அலைந்தால் மூன்று மணிக்கு மேல் அவனும் அழுவான், நீயும் அழுவாய். மொத்தம் ஆறு ஏழு ரைடு போதும் தங்கச்சி. டிக்கெட் காசுக்கு எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்று நினைத்தால் யாருக்கும் ஒன்றும் மனதில் நிற்காது.

சிமெண்ட் தரை மதியம் தோசைக்கல் மாதிரி சுடும். பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு வை. சாப்பாடு வெளியிலிருந்து உள்ளே விடமாட்டார்கள். காலை இட்லியை வழியிலேயே முடித்துவிடுங்கள், மதியம் உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக் காரிலேயே வைத்துவிடு. சாயங்காலம் வெளியே வரும்போது பசி எப்படி இருக்கும் தெரியுமா? தண்ணீரில் ஆடின பசி. கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் சாப்பிட்ட அந்தப் புளிச்சோறு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

---

செவிலியர் அக்கா, தர்மபுரி:

சுமதி எல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது உதட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சின்ன உடம்பிலிருந்து சூடு வேகமாக இறங்கிவிடும். உதடு நீலம் பாரித்தாலோ பல் கிட்டினாலோ, "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று கெஞ்சினாலும் வெளியே எடுத்து, துடைத்து, உலர்ந்த துணி போட்டு, குடிக்க ஏதாவது கொடுங்கள். பையில் இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கட்டும். தண்ணீரில் இருப்பதால் வேர்ப்பது தெரியாது, பிள்ளைகள் தாகம் என்று கேட்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது, கையில் மாட்டுகிற காற்றடைத்த வளையத்தை நம்பிச் சின்னவனை விடாதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கிவிடும். அம்மாவோ அப்பாவோ கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரம் போனைக் கையில் எடுக்காதீர்கள். காலையில் காரை விட்டு இறங்கியதும் இரண்டு பிள்ளைகளையும் அன்று போட்டிருக்கிற துணியோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் "என்ன கலர் சட்டை" என்று கேட்பார்கள், பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. தண்ணீருக்குள் போகும் முன் துணி மாற்றியதும் இன்னொரு போட்டோ.

---

ஓய்வு பெற்ற வாத்தியார், கிருஷ்ணகிரி:

அம்மா, தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களையும் வரமகாலட்சுமி விரதம், விநாயகர் சதுர்த்தி லீவுகளையும் தவிர்த்துவிடுங்கள். கர்நாடகப் பள்ளிகள் நடக்கிற ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமைதான் சரி. காலாண்டு லீவுக்குத் தள்ளிப் போட வேண்டாம், அது தசரா நேரத்தில் வந்தால் மைசூரு ரோடு முழுக்க வண்டியாக இருக்கும். பிள்ளைக்கு ஒரு நாள் லீவு எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. 34 வருடம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன்.

உங்கள் மாமியாரிடமும் அவருக்கு எங்கே போக ஆசை என்று கேளுங்கள். என் மனைவிக்கும் முட்டிதான் தொந்தரவு. பேரப்பிள்ளைகளோடு பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குப் போனோம். ஓசூரிலிருந்து ஆனேக்கல், ஜிகினி வழியாகப் போகலாம், பெங்களூருக்குள் நுழையவே வேண்டாம். சஃபாரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே புலி, சிங்கம், கரடி எல்லாம் பார்த்தாள். இரண்டரை வயதுப் பையனுக்கும் ரைடைவிட யானைதான் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் அங்கே விடுமுறை.

இன்னொன்று. சின்னவன் கூட்டத்தையும் சத்தத்தையும் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று தெரிய, ஒரு ஞாயிறு மாலை கேஆர்பி அணைப் பூங்காவுக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். உங்களுக்குப் பக்கம்தானே.

---

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டினம்):

எல்லாருக்கும் நன்றி. சுமதி அக்கா, உங்கள் பதிலை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பையன் குதிகாலை எக்கின இடத்தில் அவர் போனை வாங்கித் தானே படித்தார். அன்று இரவே இரண்டு பேரையும் சாமான் அறைக் கதவில் நிற்க வைத்து, கூடைக்குக் குறி போடுகிற மார்க்கரால் கோடு போட்டோம். மகள் 113, மகன் 87. அவனுக்கும் டிக்கெட்தான். 140-க்கு மேலே ஒரு கோடு போட்டு, "இங்கே வந்ததும் பெரிய ரைடு" என்றதும் மகள் என்னை நிற்கச் சொல்லி, நான் அந்தக் கோட்டைத் தாண்டுகிறேனா என்று பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

வாத்தியார் ஐயா சொன்னபடி மாமியாரிடம் கேட்டேன். "பிள்ளைங்க தண்ணியில குதிக்கறதப் பாக்கணும், நான் எங்கியாவது உக்காந்துக்கறேன்" என்கிறார். யானையும் பார்க்க வேண்டுமாம். அதனால் ஆகஸ்டில் வொண்டர்லா, தை பிறந்ததும் பன்னேர்கட்டா என்று முடிவாகியிருக்கிறது. அணைப் பூங்காவுக்கு இந்த ஞாயிறே போகிறோம்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவதாக இருக்கிறோம். நீச்சல் டயப்பர் இங்கே மெடிக்கலில் இரண்டு கடை கேட்டும் இல்லை. ஓசூரில் கிடைக்குமா?

---

ஓசூர் வண்டிக்காரர்:

பெரிய மெடிக்கல்களிலும் குழந்தைச் சாமான் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நீங்கள் ஓசூர் தாண்டும்போது மணி ஏழுகூட ஆகியிருக்காது, ஒரு கடையும் திறந்திருக்காது. இப்போதே ஆன்லைனில் போட்டுவிடுங்கள் தங்கச்சி, மகன் எடையைப் பார்த்து அளவு எடுங்கள்.