பல் முகாமுக்கு வைத்திருக்கும் பணம்: வேறு யோசனை

எல்லோருக்கும் வணக்கம். நம் ஊரில் அடுத்த பல் முகாம் நடத்த நாம் வைத்திருக்கும் பணத்தை வேறு விதமாகச் செலவழிக்கலாமே என்று தோன்றியது, அதைத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா மூன்று வேளையும் கஞ்சிதான் குடித்தார். என்னவென்று கேட்டதும் வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் ஒரு கிராம்பு, அதன்மேல் பஞ்சு. நாம் நடத்திய முகாமில் "வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவை" என்று எழுதிக் கொடுத்த சீட்டு, ரேஷன் கார்டு உறைக்குள் மடங்கி இருக்கிறது. "புதுக்கோட்டைக்கு யாருடா தம்பி கூட்டிட்டுப் போவா? ஒரு நாள் வேலையும் போயிரும்" என்றார். அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதிக் கொடுத்ததோடு நாம் நின்றுவிட்டோம்.

துபாயில் இருக்கும் நம் ஊர் அண்ணன்மார் ஊருக்குப் பல் சிகிச்சை நாற்காலி வாங்கித் தரலாம் என்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் தினமும் உட்கார ஒரு பல் டாக்டர் இல்லாமல் அது துருப்பிடிக்கும். புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. நம் சனங்களுக்கு வேண்டியது போய்வர வண்டியும் கூட வர ஓர் ஆளும். வேர் சிகிச்சை பல சமயம் ஒரே நாளில் முடியாது. இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரும். அதனால் மாதம் இரண்டு வேன், கூடவே மகளிர் குழுவிலிருந்து ஒருவர், அன்றைய கூலிக்கு ஈடாக ஏதாவது என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சொத்தைப் பல்லில் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவினால் பெரும்பாலும் சொத்தை பரவாமல் நிற்கும். ஊசி, துளையிடுதல் எதுவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒன்று, தடவிய இடம் கறுத்துவிடும். முன்பல் என்றால் அம்மாமார் பதறுவார்கள், முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கு ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா என்று கல்லூரியில் கேட்கலாம்.

பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் நம் போர் தண்ணீரைச் சோதித்துவிடுவோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தே வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறும். தருமபுரிப் பக்கம் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் பல்வலியோடு இருப்பவர் பெயரை எனக்கு எழுதுங்கள். வெற்றிலை புகையிலை போடுகிறவர்களுக்கு வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் வேனுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டச் சொல்லுங்கள். ஊரில் வேன் வாடகை இப்போது என்னவென்று தெரிந்தவர்கள் சொன்னால் கணக்குப் போட்டுவிடலாம்.