அம்மம்மா கல்வெட்டுப் படங்கள் (குடும்பக் குழு)

வியாழன், பின்னேரம் 6:42

சுதா அக்கா: அச்சகத்தில இருந்து கோல் வந்தது. அம்மம்மான்ர 31ஆம் நாள் கல்வெட்டுப் புத்தகத்துக்குப் படமெல்லாம் ஒரே போல்டருக்குள்ள வேணுமாம். ஒவ்வொண்டாத் திறந்து பாக்க அவைக்கு நேரமில்லையாம். திங்கள் காலமை கடைசி.

சின்ன மாமி: எத்தினை படம் பிள்ளை

சுதா அக்கா: ஹார்ட் டிஸ்க்கில 1,412. வீட்டுக்கொரு போல்டர், அதுக்குள்ள விசேசத்துக்கு ஒண்டு, அதுக்குள்ள ஸ்கான் வேற, கமரா வேற. தேடுற பெட்டியில ஸ்டார் புள்ளி ஜேபிஜி எண்டு குடுத்து, வந்த எல்லாத்தையும் கொப்பி எடுத்து டெஸ்க்டொப்பில ஒரு போல்டருக்குள்ள பேஸ்ட் பண்ணினன். இப்ப 1,087தான் நிக்குது. மிச்சம் எங்க?

கவின் (ரொறன்ரோ): ரிப்ளேஸ் குடுத்தனீங்களோ

சுதா அக்கா: ஏதோ கேட்டுது. ஓம் எண்டன்

கவின் (ரொறன்ரோ): 🤦

ரூபன்: அக்கா, 325 படம் துலையேல்ல, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிப்போட்டுது. கமரா வைக்கிற பேர் நாலு எழுத்தும் நாலு இலக்கமும்தான். 9999 முடிய திரும்ப 0001. ரெண்டு கமரா, மூண்டு கலியாணம் எண்டா ஒரே பேரில எத்தினையோ படம். வேற வேற போல்டரில இருக்குமட்டும் பிரச்சினை இல்லை. ஒரே போல்டருக்குள்ள ஒரே பேரில ரெண்டு இருக்க விண்டோஸ் விடாது. நீங்கள் வெட்டாமல் கொப்பி எடுத்தபடியால் ஹார்ட் டிஸ்க்கில எல்லாம் பத்திரம். டெஸ்க்டொப்பில இருக்கிறதை அழிச்சுப்போடுங்கோ.

தவம் மாமா: ஒரே வளவுக்குள்ள ரெண்டு பேர் இருந்தால் உப்பிடித்தான்

சின்ன மாமி: உது ஆருக்குச் சொன்னது

தவம் மாமா: பைலுக்கு

கவின் (ரொறன்ரோ): ஸ்கிப் குடுத்தாலும் 325 வராது. ரெண்டையும் வச்சிரு எண்டு குடுத்தா பேருக்குப் பின்னால அடைப்புக்குள்ள 2 வரும். ஆனா எது எந்த வீட்டுப் படம் எண்டு தெரியாது

ரூபன்: அதுதான் விசயம். அக்கா போல்டருக்கு வச்ச பேரிலதான் எல்லாம் கிடக்கு. கொக்குவில், அதுக்குள்ள சாமத்தியவீடு, அதுக்குள்ள ஸ்கான். படத்தில இருக்கிறது வெறும் 0014. வெளிய எடுத்தால் அது ஆற்ற எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. அதால போல்டர் பேர் முழுக்கப் படத்தின்ர பேருக்கு முன்னால வரோணும்: கொக்குவில்_சாமத்தியவீடு_ஸ்கான்_0014. கடைசிப் போல்டர் பேர் மட்டும் காணாது. எல்லா வீட்டுக்குள்ளயும் ஸ்கான் எண்டு ஒண்டு நிக்குது, ஸ்கான்_0014 திரும்பத் திரும்ப வந்து பழையபடி ஒண்டையொண்டு விழுங்கும்.

கவின் (ரொறன்ரோ): எக்ஸிஃப்டூல் எண்ட புரோகிராமால, படத்துக்குள்ள பதிஞ்சிருக்கிற எடுத்த திகதியைப் பேராக்கலாமே

ரூபன்: ஸ்கான் பண்ணினதுக்கு எடுத்த திகதி எங்க இருக்கு? அம்மம்மான்ர கலியாணப் படத்துக்கு ஸ்கான் பண்ணின நாள்தான் வரும். வட்ஸ்அப்பில வந்ததில உள்ளுக்க திகதியே இல்லை. பேரில நிக்கிற திகதி வட்ஸ்அப்பில போய்வந்த நாள்.

கவின் (ரொறன்ரோ): ம். சரி

ரூபன்: 📄 படம்சேர்

ரூபன்: நாலு வரிக் கட்டளை, அப்பிடிப் பேர் வச்சுக் கொப்பி எடுக்கும். நோட்பாட்டில திறந்து முதல் ரெண்டு வரியை மட்டும் மாத்துங்கோ: எங்க இருந்து, எங்க. பிறகு முழுக்கக் கொப்பி எடுத்து, ஸ்டார்ட்டில பவர்ஷெல் எண்டு ரைப் பண்ணித் திறந்து, அந்த நீல யன்னலுக்குள்ள வலது கிளிக். பேஸ்ட் ஆகும். என்டர். மூண்டாவது வரியில, பைலுகளைத் தேடுற கெட்-சைல்ட்ஐட்டம் எண்ட கட்டளைக்குப் பக்கத்தில ரிகர்ஸ் எண்டு நிக்குது. எத்தினை தட்டு உள்ளுக்க இருந்தாலும் இறங்கிப் பாக்கும். நாலாவது வரி, ஒவ்வொரு பைலின்ர பாதையிலயும் முன் துண்டை வெட்டிப்போட்டு, மிச்சத்தில இருக்கிற சாய்கோட்டை அடிக்கோடாக்கி, அந்தப் பேரில கொப்பி எடுக்கும். அதை சேவ் பண்ணி டபுள் கிளிக் பண்ணாதேங்கோ. விண்டோஸ் ஸ்கிரிப்டை ஓட விடாது. விட்டாலும், சேவ் பண்ணின விதம் பிழைச்சால் தமிழ்ப் போல்டர் பேரைக் கண்டபடி வாசிக்கும். யன்னலுக்குள்ள தமிழ் சதுரம் சதுரமாத் தெரியும், பயப்பிடாதேங்கோ. அந்த எழுத்துருவில தமிழ் இல்லை, அவ்வளவுதான்.

தவம் மாமா: ஓமோம்

சின்ன மாமி: 👍

சுதா அக்கா: நாலு வரிக்கு நாற்பது வரி விளக்கம்

கவின் (ரொறன்ரோ): போய்ச் சேருற போல்டர் ஹார்ட் டிஸ்க்கில இருக்கிற அந்தப் போல்டருக்கு உள்ளுக்க இருக்கப்படாது. தான் கொப்பி எடுத்ததைத் தானே திரும்ப எடுக்கும்

கவின் (ரொறன்ரோ): லிட்டரல்பாத் போட்டனியோ? அது இல்லாமல், பேரில சதுர அடைப்பு இருந்தா வைல்ட்கார்ட் (வேற எழுத்துக்குப் பதிலா நிக்கிற குறி) எண்டு நினைச்சு அந்தப் பைலை விட்டிடும்

ரூபன்: போட்டனான். அக்கா, கடைசியில வாட்இஃப் எண்டு ஒரு சொல் நிக்குது. முதல் தரம் அதை எடுக்காதேங்கோ. ஒண்டையும் தொடாமல், செய்யப்போறதை மட்டும் எழுதிக் காட்டும். பேர் சரியெண்டால் அதை எடுத்துப்போட்டு திரும்ப ஓடவிடுங்கோ.

பெரியம்மா: 🎤 1:47

சின்ன மாமி: கீரிமலைக்கு ரெண்டு வான் காணுமோ எண்டு கேக்கிறா. வடையும் சொல்லேல்லையாம்

தவம் மாமா: வான் காசு ஆர் குடுக்கிறது? போன தரம் மாதிரி ஒராள் தலையில கட்டாதேங்கோ

சின்ன மாமி: போன தரம் ஆர் தலையில கட்டினது?

சுதா அக்கா: மாமா, மாமி, வான் பேந்து 🙏

சுதா அக்கா: ரூபன், முதல் தரம் சரி. வாட்இஃப்பை எடுத்து ஓடவிட ஒன்பது இடத்தில சிவப்பு. 1,403 வந்திருக்கு

ரூபன்: எங்க கொப்பி எடுத்தனீங்கள்?

சுதா அக்கா: டெஸ்க்டொப், அதுக்குள்ள அம்மம்மா கல்வெட்டு 31ஆம் நாள், அதுக்குள்ள அச்சகத்துக்குக் குடுக்க வேண்டிய படங்கள்

ரூபன்: பாதை நீண்டுபோச்சு. பழைய கணக்குப்படி ட்ரைவ் எழுத்தில இருந்து பைல் பேர் முடியுமட்டும் 260 எழுத்துக்குள்ள நிக்கோணும். தமிழில அது கெதியா முடியும். கொக்குவில் எங்களுக்கு ஐஞ்சு எழுத்து, மெசினுக்குப் பத்து. கானாவுக்கு ஒண்டு, கொம்புக்கும் காலுக்கும் சேத்து ஒண்டு, குத்துக்கு ஒண்டு எண்டு தனித்தனியா எண்ணும். டி ட்ரைவில நேரடியா "படம்" எண்டு ஒரு போல்டர் போட்டு, ரெண்டாவது வரியை மாத்தி ஓடவிடுங்கோ.

8:15

சுதா அக்கா: 1,412 ✅

சுதா அக்கா: ஆனா 38 படம் திறக்குதில்லை. எல்லாம் 4 கேபி

கவின் (ரொறன்ரோ): அது என்ர மாக்கில கொப்பி எடுக்கேக்க தானா வந்தது. 0014க்கு முன்னால புள்ளியும் அடிக்கோடும் நிக்குமே, அது படமில்லை. அழிக்கலாம். உண்மையான படம் பக்கத்திலயே இருக்கும்

ரூபன்: அப்ப படம் 1,374. தவம் மாமான்ர ஐபோன் படங்கள் இதில வரேல்ல. அது எச்ஈஐசி எண்ட வேற வகைப் பைல், நாங்கள் தேடினது ஜேபிஜி. மாமா, அதுகளை ஜேபிஜியாக மாத்தி, வட்ஸ்அப்பில டொகியூமென்ட்டா அனுப்புங்கோ. படமா அனுப்பினால் நசுக்கிப்போடும், அச்சில புள்ளி புள்ளியாத் தெரியும்.

தவம் மாமா: 60 படம் நேற்றே அனுப்பிட்டன்

ரூபன்: படமாத்தானே அனுப்பினனீங்கள்

தவம் மாமா: 🙄

ரூபன்: அக்கா, அச்சகத்துக்கு 1,374ஐயும் குடுத்தால் அவை ஓடிடுவினம். 40ஐத் தெரிஞ்சு வேற போல்டரில போட்டு, பேருக்கு முன்னால 01, 02 எண்டு போடுங்கோ. சும்மா 1, 2 எண்டு போட்டால் சில மெசினில 1க்குப் பிறகு 10 வரும், கலியாணத்துக்கு முதல் பேரப்பிள்ளையள் நிப்பினம். எல்லாத்தையும் தெரிஞ்சு எஃப்2 அடிக்காதேங்கோ, போல்டர் பேர் முழுக்க அழிஞ்சுபோம். ஸிப்பும் வேண்டாம், பழைய மெசினில தமிழ்ப் பேர் குழம்பும். பென் ட்ரைவில அப்பிடியே போடுங்கோ.

சுதா அக்கா: முன் அட்டைக்கு எது

பெரியம்மா: நீலச்சேலை

சின்ன மாமி: நீலச்சேலையில கண் மூடியிருக்கிறா

தவம் மாமா: நல்ல படம் கொக்குவில் அல்பத்தில இருக்கு. அந்த அல்பம் இன்னும் ஸ்கானுக்கு வரேல்லத்தானே

சின்ன மாமி: அலுமாரித் திறப்பைக் காணேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது

தவம் மாமா: மூண்டு வருசமாக் காணேல்லை

சுதா அக்கா: மாமி, நாளைக்குக் காலமை ஸ்கானரோட வாறன். அல்பத்தை வெளிய எடுக்கத் தேவையில்லை

சின்ன மாமி: வா பாப்பம்

ரூபன்: புதுசா ஸ்கான் பண்ணினால் கொக்குவில் போல்டருக்குள்ளயே தனிப் போல்டரில போடுங்கோ அக்கா. திரும்ப ஓடவிட முதல் டி ட்ரைவ் போல்டருக்கு வேற பேர் வையுங்கோ. அதே பேர் கண்டால் கேக்காமல் மேல எழுதும்.

சுதா அக்கா: ம்

சுதா அக்கா: பென்னை ஆர் கொண்டுபோறது? எனக்கு திங்கள் கொழும்பு

பெரியம்மா: 🎤 2:31

சின்ன மாமி: வான் கதைதான்